குன்னூர் கிளப்பில் ஒரு டிஜேயின் வயிற்றெரிச்சல்

டிஜே வேலையில் பெரிய கஷ்டம் கண் விழிப்பதல்ல, ஸ்பீக்கர் தூக்குவதும் அல்ல. அடுத்தவர்களுக்குப் பிடித்ததைப் போட்டுவிட்டு, நமக்கும் அதுதான் உயிர் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பதுதான். ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்தவர்களுக்கும், கல்யாண மண்டபத்தில் மைக் செட் போட்டவர்களுக்கும் நான் சொல்வது உடனே புரியும். நீங்கள் எல்லாம் நம்ம கட்சி.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷங்களில் நான் குன்னூரில் ஒரு கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் டிஜேயாக இருந்தேன். மற்ற நாட்களில் மாமாவின் சவுண்ட் சர்வீஸ் கடை. எனக்குப் பிடித்தது ஹவுஸும் டெக்னோவும். அதிலும் ரேடியோவில் வராத, கேசட் கடையில் கிடைக்காத ரகம். பாடகர் பெரும்பாலும் இருக்க மாட்டார். இருந்தால் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வார். அடியில் ‘டம் டம் டம் டம்’ என்று நிற்காமல் ஒரு தாளம். அதன்மேல் ஏதோ ஒன்று மெதுவாக வரும், ஏதோ ஒன்று மெதுவாகப் போகும். வருவதும் போவதும் தெரியாமல் இருப்பதுதான் அதில் அழகு. இதை யாருக்காவது விளக்கி நான் ஜெயித்ததே இல்லை. கீழே இருப்பவை அப்படித் தோற்ற கதைகள். அதில் பாதிக்கு மேல் ஷைனி என்ற ஒருத்தியைப் பார்த்து வயிறு எரிந்த கதைகள்.

மாட்டிக்கொண்ட சிடி

இந்தப் பைத்தியம் எனக்கு ஒரு வெள்ளைக்காரனால் பிடித்தது. லேம்ஸ் ராக் பக்கம் ஒரு பங்களாவில் தங்கியிருந்தான். பிறந்தநாள் விழாவுக்கு எங்கள் கடையில் ஸ்பீக்கர் எடுத்தான். ஊருக்குப் போகும்போது, பை கனக்கிறது என்று மூன்று சிடிக்களை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அட்டையில் படம் இல்லை, முகம் இல்லை. ஏதோ கம்ப்யூட்டர் பாடம் போலிருக்கிறது என்று நினைத்துத்தான் வீட்டில் போட்டேன்.

முதல் தடவை கேட்டபோது ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் தடவை கேட்டபோது, அடியில் ஓடும் பேஸ் என்ற கனத்த ஒலி மட்டும் காதில் தனியாக விழுந்தது. அதற்கப்புறம் என்னை யாரும் காப்பாற்ற முடியவில்லை. சாப்பிடும்போது, ஷேவ் பண்ணும்போது, எப்போதும் அதுதான். அப்பா தேயிலை பேக்டரியில் இலை உருட்டும் ரோலர் செக்‌ஷனில் வேலை பார்த்தவர். நாள் பூராவும் மெஷின் சத்தம் கேட்டுவிட்டு வருபவர். ஒரு நாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்று கேட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். ரசிக்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இது:

“சிடி மாட்டிக்கிச்சு பாரு. துடைச்சுப் போடுடா.”

ரோலரும் ஸ்பீக்கரும்

தோட்டங்களில் காசு புரண்டபோது எங்களைப் போன்றவர்கள் அந்தக் கிளப்பின் கேட்டைத் தாண்டியதில்லை. விலை சரிந்ததும் மேனேஜர்கள் பலர் மெம்பர்ஷிப்பை விட்டார்கள். சமையல்காரருக்குச் சம்பளம் கொடுக்கவே கமிட்டி திணறியது. அப்போதுதான் செக்ரட்டரி ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டை வெளியாட்களுக்கும் திறந்துவிட்டார். சாப்பாட்டுக்குப் பின் டான்ஸ். டான்ஸுக்கு நான். ஊரே தேயிலை விலையைப் பற்றிப் பேசி அழுதபோது எனக்கு வேலை கிடைத்தது. வெளியே சொல்லிச் சந்தோஷப்படவும் முடியவில்லை.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. கிளப்புக்குக் கீழே சரிவில் ஒரு பேக்டரி. அங்கே ரோலர் ஓட ஆரம்பித்தால் எங்கள் ஹாலில் வோல்டேஜ் விழும், ஆம்ப்ளிஃபையர் முனகும். இலை வரத்து நின்று பேக்டரி அடைத்துக் கிடந்த நாட்களில் கரண்ட் கும்மென்று வரும். பேஸ் நெஞ்சில் வந்து உட்காரும். ஒரு ஞாயிறு அந்தப் பேக்டரி மேஸ்திரி வேலையில்லாமல் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார். இன்றைக்குச் சவுண்ட் பிரமாதம் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் பீடியைக் கீழே போட்டார்.

“எங்க ரோலர் நின்னா உங்க பொட்டி பாடுதுங்க. இப்படியே போனா இந்த மல பூராவும் பாட்டுத்தான் கேக்கும்.”

இன்ட்ரோ

கிளப்பில் எனக்கு வந்த விருப்பங்களைக் கேளுங்கள். தேனிலவுக்கு வந்த ஜோடிகளுக்கு அந்த மாசம் ஹிட்டான காதல் பாட்டு. பழைய மேனேஜர்களுக்கு அவர்கள் வாலிபத்தில் ஆடிய இங்கிலீஷ் பாட்டு. கோயம்புத்தூரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்களுக்குக் குத்துப்பாட்டு. எல்லாவற்றுக்கும் நான் தலையை ஆட்டுவேன். உள்ளே என் மூன்று சிடிக்களும், அப்புறம் பெங்களூரில் அலைந்து திரிந்து சேர்த்த இன்னும் சிலவும், பெட்டியில் தூங்கும்.

திருப்பூரிலிருந்து பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் வருவார். எல்லாரும் அவரை கவுண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வெலிங்டன் பக்கம் வீடு வாங்கிப் போட்டிருந்தார். பிரியாணி முடிந்ததும் ஸ்வெட்டரோடு முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் தைரியம் வந்து, இரண்டு குத்துப்பாட்டுக்கு நடுவே என் டெக்னோ ஒன்றை எடுத்த எடுப்பில் போட்டேன். அதுவும் லேசுப்பட்டது இல்லை, கேட்டால் மண்டைக்குள் ஆணி இறங்கும் ரகம். ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய் உட்கார்ந்தார்கள். ஹால் நடுவில் வெறும் தரை. நான் கண்ணை மூடி ஹெட்ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கவுண்டர் எழுந்து வந்து என் தோளைத் தொட்டு மரியாதையாகவே கேட்டார்:

“தம்பி, இன்ட்ரோ நல்லாருக்குதுங்க. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?”

ஷைனி

மலைமேல் இருப்பவர்களுக்கு ஹவுஸ் பிடிக்காது, அவர்களுக்கு ரசனை அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. அதைக் கெடுக்க கூடலூரிலிருந்து ஷைனி வந்தாள். மலையாளி மிளகு வியாபாரியின் மகள். பெங்களூரில் படிக்கப் போய், படிப்பு முடிந்தும் அங்கே ஒரு கிளப்பில் டிஜேயாக இருந்தவள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குத் திரும்பியிருந்தாள். கமிட்டி அவளுக்கு ஒரு ஞாயிறு, எனக்கு ஒரு ஞாயிறு என்று பிரித்துக் கொடுத்தது.

அவளுடைய முதல் ஞாயிறன்று நான் தூண் ஓரம் நின்று பார்த்தேன். சூப் வரும்போதே ஆரம்பித்துவிட்டாள். சத்தம் ஸ்பூன் சத்தத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வேகமும் இல்லை. யாரும் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீன் வறுவல் வந்தபோது மேஜைக்கடியில் சில கால்கள் தட்ட ஆரம்பித்தன. ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்கு எப்போது போனாள் என்று தொழில்காரன் எனக்கே தெரியவில்லை. கேரமல் கஸ்டர்ட் வந்தபோது பாதிப்பேர் அதைத் தொடாமல் எழுந்துவிட்டார்கள். ஒரு சினிமாப் பாட்டு கிடையாது. முழுக்க முழுக்க ஹவுஸ். நான் உயிரைக் கொடுத்து நேசிக்கும் அதே ஹவுஸ்.

நண்பர்களே, அவள் குத்துப்பாட்டு போட்டு ஜெயித்திருந்தால் நானே மாலை வாங்கிப் போட்டிருப்பேன். போனால் போகட்டும், ஜனங்களுக்கு வேண்டியதைக் கொடுத்தாள் என்று சிரித்திருப்பேன். என் பாட்டைப் போட்டு ஜெயித்தாளே, அதுதான் அடிவயிற்றிலிருந்து எரிந்தது. அந்தச் சமயத்தில் கவுண்டர் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க என்னிடம் ஓடி வந்தார். நல்ல மனுஷன், எனக்குச் சந்தோஷமான செய்தி சொல்வதாகத்தான் நினைத்திருப்பார்.

“தம்பி, பாட்டு ஆரம்பிச்சிருச்சுங்க!”

வீட்டிலும் தோல்வி

கவிதாவுக்கும் எனக்கும் அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. அவளுக்குப் பொள்ளாச்சி. கல்யாணமான புதிதில் என் பாட்டைப் போட்டுக் காட்டியபோது, மிக்ஸியில் ஏதோ கோளாறு என்று அடுக்களைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள். அதற்கப்புறம் நான் சிடியை எடுத்தாலே நெற்றியில் தைலம் தேய்த்துக்கொள்வாள். அது பழகிவிட்டது. கலைஞன் வீட்டில் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

ஒரு ஞாயிறு கிளப் சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டாள். அன்று ஷைனியின் முறை. வேண்டாம், மழை வரும், சளி பிடிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. போனோம். திரும்பி வந்து இரண்டு நாள் கழித்துச் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே எதையோ முனகினாள். கூர்ந்து கேட்டேன். என் முதல் மூன்று சிடிக்களில் ஒன்றில் இருக்கும் பேஸ் லைன்! என் தலையணைக்குப் பக்கத்தில் மாசக்கணக்காக ஓடிய அதே பேஸ் லைன். இதைத்தானே நானும் தினமும் போட்டேன் என்று கேட்டேன். சப்பாத்திக் கட்டையை நிறுத்தாமலே சொன்னாள்:

“அது உங்களுது மாதிரியேதானுங்க இருந்துச்சு. ஆனா இது நல்லாருந்துச்சு.”

ஒற்றர் வேலை

நம்ம தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல பாட்டு ஒன்று கையில் சிக்கினால் அதன் பெயரை மூடி ஒட்டிவிடுவார்கள். பக்கத்தில் நிற்பவன் எட்டிப் பார்த்துத் தானும் வாங்கிவிடக் கூடாதே! ஷைனியும் அப்படித்தான் எதையோ ஒளித்து வைத்திருக்கிறாள், அந்த மந்திர சிடி கிடைத்தால் நானும் ஜெயிப்பேன் என்று எனக்கு ஓர் எண்ணம். வேவு பார்க்க முனியாண்டி அண்ணனை அனுப்பினேன். கிளப்பில் பேரர். சிலோன் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் கூடலூர் பக்கம் சேரங்கோட்டுக்கு வந்து, அங்கிருந்து குன்னூருக்கு வந்தவர். சூப் வைக்கிற சாக்கில் அவள் மேஜையைப் பார்த்து வரச் சொன்னேன். போனவர், போன வேகத்தில் என் கையில் ஒரு சிடி அட்டையோடு வந்துவிட்டார்.

“எட்டிப் பாக்கவே வேணாந் தம்பி. அந்தப் புள்ள பொட்டிய தொறந்து போட்டுட்டு தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கு. இந்தா, பாத்துட்டு குடுத்திருங்க.”

அட்டையில் படம் இல்லை, முகம் இல்லை. அந்த வெள்ளைக்காரன் எனக்குக் கொடுத்த அதே சிடி அவளிடமும் இருந்தது. மந்திரம் ஒன்றும் கிடையாது. நான் கஸ்டர்டுக்கு அப்புறம் மண்டையில் ஆணி அடித்தேன், அவள் சூப்பிலிருந்தே தாலாட்டி எழுப்பினாள், அவ்வளவுதான் வித்தியாசம். நானும் சூப்பிலிருந்து ஆரம்பித்திருக்கலாம். ஆனால் அவளைப் பார்த்துக் காப்பி அடித்தேன் என்று ஆகிவிடாதா? மானம் என்று ஒன்று இருக்கிறதே!

அதற்குப் பதிலாக நான் என் சிடிக்களை மூடினேன். மருந்துக்கடை வெள்ளை பிளாஸ்டர் வாங்கிவந்து ஒவ்வொன்றின் பெயர் மேலும் ஒட்டினேன். நல்லதுக்கு மட்டும் ஒட்டினால் எது நல்லது என்று அவளுக்குத் தெரிந்துவிடும் அல்லவா? அதனால் மாமா கடையின் கல்யாண ரிசப்ஷன் சிடிக்களுக்கும் சேர்த்து ஒட்டினேன். எனக்கு மட்டும் அடையாளம் தெரிய, பிளாஸ்டர்மேல் பேனாவால் ஹவுஸுக்கு ஒற்றைப் புள்ளி, கல்யாணத்துக்கு இரண்டு புள்ளி என்று வைத்தேன். பெட்டியைத் திறந்திருந்தபோது ஷைனி அந்தப் பக்கம் வந்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நிஜமான வருத்தத்தோடுதான் கேட்டாள்:

“அய்யோ சேட்டா, எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல எங்க அடிபட்டுச்சு?”

போட்டி ஞாயிறு

தேயிலை இன்னும் சரிந்தது. படகர் தோட்டங்களில் பறிகூலிக்குக் கட்டாது என்று இலையைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். கிளப்பில் இனி ஒரு டிஜேதான் என்று கமிட்டி சொல்லிவிட்டது. ஒரே ஞாயிறு இருவரும் போட வேண்டும், கமிட்டி சாப்பிட்டுக்கொண்டே பார்த்து முடிவு செய்யும். எனக்கு அந்த வேலை போனால் மாமா கடையில் ஒயர் சுற்றுவதுதான் கதி. வேலையைவிடப் பெரிய பயம் இன்னொன்று இருந்தது. அவள் ஜெயித்தால், இந்த மலையில் ஹவுஸ் என்றால் ஷைனி என்று ஆகிவிடும். நான் யாரோ ஆகிவிடுவேன். அன்று என்னுடைய ரசனை என்னவென்று அத்தனை பேருக்கும் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். குத்துப்பாட்டு ஒன்றுகூட இல்லை. வீட்டில் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். கவிதாவின் தைல பாட்டில் காலி.

ஷைனி முதலில் போட்டாள். நடுவில் ஒரு கமிட்டி மெம்பரின் மனைவி வந்து சினிமாப் பாட்டு ஒன்று கேட்டார். “அது எங்கிட்ட இல்ல மேடம், இது ஒண்ணு கேட்டு நோக்குங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, தன் பாட்டையே போட்டாள். அந்த அம்மாவும் ஆடினார். எல்லாரும் ஆடினார்கள். கடைசியில் கைதட்டல் நிற்கவில்லை. அந்தக் கைதட்டல் ஒவ்வொன்றும் என் முதுகில் விழுந்தது.

என் முறை. ஹெட்ஃபோனில் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போடுவதுதான் முறை. ஆனால் கைதட்டலை முதலில் அமுக்க வேண்டும் என்ற வெறியில், ஒற்றைப் புள்ளி என்று நினைத்த ஒரு சிடியை எடுத்து அப்படியே போட்டுப் பட்டனை அமுக்கினேன். ஸ்பீக்கரிலிருந்து நாதஸ்வரத்தோடு ஒரு ரிசப்ஷன் பாட்டு வெடித்தது. ஹால் முழுக்க ‘ஓ’ என்று ஒரே கூச்சல். நிறுத்தலாம் என்று கை போனது. அதற்குள் கமிட்டித் தலைவர் நாப்கினைச் சுழற்றிக்கொண்டு நடுவில் வந்துவிட்டார். அடுத்த சிடியை எடுத்தேன். அன்று காலை வரும் வழியில் பெய்த சாரலில் பெட்டிக்குள் ஈரம் ஏறி, பேனாப் புள்ளிகள் எல்லாம் கரைந்து ஒரே நீலத் தீற்றலாகக் கிடந்தன. அவளுக்குத் தெரியக் கூடாது என்று மூடினேன், எனக்கே தெரியவில்லை. ஹெட்ஃபோனை வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். கல்யாணம், கல்யாணம், மஞ்சள் நீராட்டு, மறுபடியும் கல்யாணம். ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்ததைப் போட்டாக வேண்டும். கையில் கிடைத்ததைப் போட்டேன். என் ஹவுஸ் சிடி கையில் வந்தபோது செக்ரட்டரி கடிகாரத்தைக் காட்டினார். ஜனங்கள் “ஒன்ஸ் மோர்” கேட்டார்கள். ஷைனி மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முனியாண்டி அண்ணன் ஐஸ்கிரீம் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டே என் காதோடு சொன்னார்:

“தம்பி, ஜெயிச்சிட்டீங்க போல. மூஞ்சிய மட்டும் கொஞ்சம் அதுக்குத் தக்கன வச்சிக்கங்க.”

தீர்ப்பு

மறுநாள் செக்ரட்டரி கூப்பிட்டனுப்பினார். முன்பு ஒரு தோட்டத்தில் மேனேஜராக இருந்தவர். எதையும் வளைக்காமல் சொல்லும் மனுஷர். வேலை எனக்குத்தான் என்றார். நான் நன்றி சொல்லிவிட்டுப் பேசாமல் வந்திருக்கலாம். ஆனால் பொறாமை சும்மா விடுமா? அவளைவிட நான் எந்த விதத்தில் உசத்தி என்று அவர் வாயால் கேட்க வேண்டும் என்று ஒரு அரிப்பு. “ஷைனியும் நல்லாத்தானுங்க போட்டாங்க?” என்று மெதுவாகக் கிளறினேன். பைப்பைத் தட்டிச் சாம்பலைக் கொட்டினார். நல்லா என்ன, உங்களைவிட நன்றாகவே போட்டாள், நானே ஆடினேன் என்றார். அப்புறம் எதற்கு எனக்கு வேலை என்று கேட்டேன். அவருக்கு என்மேல் அன்புதான், அதில் சந்தேகமில்லை. தோளில் கைவைத்துச் சொன்னார்:

“அந்தப் புள்ளைக்கு இதுதான் புடிக்கும், அது புடிக்காதுன்னு ஒண்ணு இருக்குதுங்க தம்பி. உங்களுக்கு அப்படி ஒண்ணுங் கெடையாது பாருங்க, அதான் நமக்குத் தோது.”

ஷைனி அடுத்த மாசமே கோவா பக்கம் போய்விட்டாள், நான் அதே ஹாலில் இன்னும் சில வருஷம் கல்யாணப் பாட்டுக்குத் தலையை ஆட்டினேன். தன் பாட்டைப் போட்டுத் தோற்றவளைப் பார்த்து, யார் பாட்டையோ போட்டு ஜெயித்தவனுக்கு இன்றுவரை வயிறு எரிகிறது என்றால், கட்சிக்காரர்களே, நீங்களாவது நம்புவீர்கள்தானே?